பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

வீரம்மாவுக்குப் பிறவியிலேயே குரல் பெரிது. காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, ஒரு மர நிரையில் நின்றுகொண்டு அடுத்த நிரையில் பால்வெட்டும் அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்த குரல் அது. தோட்டத்தில் யாரும் அதைக் குறையாகச் சொன்னதில்லை. வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டு கிள்ளானுக்கு வந்த பிறகுதான் அது குறையாகிப் போனது. மெதுவாகப் பேசு என்று மாமியார் சொன்னார். லோரி ஓட்டி ஓட்டிப் பாதிக் காது மந்தமான வேலாயுதமே சொன்னான். பக்கத்து வீட்டுச் சீன அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, சன்னலைச் சாத்திக்கொண்டார்.

வீரம்மா அதற்கெல்லாம் அசைகிறவள் இல்லை. காப்பார் சாலையில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலை இருந்தது. வாளி, கூடை, குழந்தைக்குக் குளிப்பாட்டும் தொட்டி எல்லாம் அங்கே செய்வார்கள். அதில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எல்லாரும் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நின்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். வீரம்மா ஒருநாள் மேனேஜர் தன் அறைக்குப் போகும் வழியில் போய் நின்றாள். வணக்கம் சொன்னாள். தாழ்ப்பாள் போடும்வரை நாங்கள் எல்லாரும் உங்கள் கழிப்பறைக்குத்தான் வருவோம் என்று மலாயில் சொன்னாள். அவள் குரலுக்கு அந்தச் சேதி அலுவலகம் முழுக்கக் கேட்டது. மத்தியானத்துக்குள் தாழ்ப்பாள் வந்துவிட்டது. அதிலிருந்து பெண்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் வீரம்மாவை முன்னால் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார்கள்.

இப்படிப்பட்டவளும் வாயடைத்து நின்ற நாள் ஒன்று உண்டு. எண்பத்தேழாம் வருஷம் வாளி வார்க்கும் அச்சு மெஷின் பக்கத்தில் ஒரு ஃபிட்டர் மின்சாரம் அடித்து விழுந்தார். மெயின் சுவிட்சை உடனே அணைத்துவிட்டார்கள். சுற்றிலும் கூட்டம் கூடியது. அந்தக் கூட்டத்தில் முதலுதவி படித்தவர்களே நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் சூப்பர்வைசர் விஜயன் வரட்டும் என்று காத்திருந்தார்கள். விஜயன் வந்து மேனேஜருக்குப் போன் போடச் சொன்னார். மேனேஜர் கார் வரட்டும் என்றார். கார் வந்தபோது அந்த மனிதருக்கு அது தேவைப்படவில்லை. படித்த கைகள் எல்லாம் சும்மாவே நின்றிருந்தன. யார் தொடுவது என்று சொல்ல ஒரு வாய் இல்லாமல் ஒரு உயிர் போனது. அன்று கூட்டத்தின் நடுவில் நின்ற வீரம்மாவுக்கு, கிள்ளான் முழுக்கக் கேட்கும் தன் குரல் எங்கே போய்த் தொலைந்தது என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரம் அவளைவிட்டு இறங்கவேயில்லை.

அதற்குப் பிறகுதான் கம்பெனி விழித்துக்கொண்டது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் ஆள் எடுத்து ஒரு குழு, அதற்கு ஒரு லீடர், எல்லாருக்கும் பயிற்சி, கடைசியில் சோதனை என்று ஏற்பாடு செய்தார்கள். பயிற்சி கொடுக்க பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சீவரத்தினம் என்பவர் வந்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆயுசு முழுக்க ஹாஸ்பிட்டல் அசிஸ்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, இஸ்திரி கலையாத கால்சட்டை, சிரிப்பென்பது மருந்துக்கும் கிடையாது. தன் சின்னக் காரின் பின்சீட்டில் ஒரு ரப்பர் பொம்மையைக் கொண்டுவந்து கேண்டீன் தரையில் மல்லாக்கக் கிடத்துவார். விறைத்துப்போய்ப் படுத்தபடி எல்லாரிடமும் சேவகம் வாங்கிக்கொள்ளும் அதற்குப் பெண்கள் ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்தார்கள். நெஞ்சில் சரியான ஆழத்துக்கு அழுத்தினால் மாப்பிள்ளையின் விலாப்பக்கம் ஒரு சிறு விளக்கு எரியும். மேலோட்டமாக அழுத்தினால் எரியாது.

அழுத்துவதும் வாயில் ஊதுவதும் சீக்கிரம் எல்லாருக்கும் கைவந்துவிட்டன. லீடருக்கான சோதனைதான் வேறு மாதிரி. லீடர் பொம்மையைத் தொடவே கூடாது. கால்மாட்டில் நின்று எல்லாரையும் பார்க்க வேண்டும். யார் எதைச் செய்வது என்று ஆளைக் குறித்துச் சொல்ல வேண்டும், சொன்னது நடந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். அழுத்துகிறவருக்குக் கை ஓய்ந்துவிட்டால் அவரே சொல்லட்டும் என்று காத்திருக்காமல் எழுப்பிவிட்டு அடுத்தவரை உட்கார வைக்க வேண்டும். ஓய்ந்த கை தான் ஓய்ந்துவிட்டதாக ஒருநாளும் ஒத்துக்கொள்ளாது என்பார் சீவரத்தினம். அந்தச் சோதனை நடக்கும்போது அவர் பொம்மையைப் பார்ப்பதேயில்லை. லீடரின் முகத்தையும் வாயையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

லீடர் வேலை வீரம்மாவுக்கென்றே செய்து வைத்தது போலிருந்தது. பிறந்ததிலிருந்து அடக்கு அடக்கு என்று கேட்டுக்கொண்டிருந்த குரலை முதல் தடவையாக ஒரு மனிதர் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கோ என்றார். அவளுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. அதை வெளிப்படையாகவே சொன்னாள். கம்பெனிக்கு விஜயன் லீடராக வந்தால் நிம்மதி. சூப்பர்வைசர், ஆம்பளை, இங்கிலீஷ் பேசுகிறவர். வீரம்மா சோதனையில் தேறாவிட்டால் விஜயன்தான் என்று மேனேஜர் முடிவாகச் சொல்லியிருந்தார். கார் வரட்டும் என்று காத்திருந்த அதே விஜயன். அதை நினைத்தால் வீரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை.

சிக்கல் குழுவுக்குள்ளேயே இருந்தது. ஸ்டோர் பிரிவிலிருந்து வந்தவர் தம்புசாமி. வேலாயுதத்தின் அப்பாவுக்கு உடன்பிறந்த தம்பி, வீரம்மாவுக்குச் சின்ன மாமனார். பத்துமலைப் படிகளைக் காவடியோடு மூச்சு வாங்காமல் ஏறுகிறவர் என்று கிள்ளானில் அவருக்குப் பெயர். தைப்பூசத்துக்கு மயங்கி விழுகிறவர்களைத் தூக்கிப் பழகியவர் என்பதால் குழுவில் முதலில் சேர்ந்ததும் அவர்தான். அவர் எதிரில் வீரம்மா நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அவர் பேரை வாயால் சொன்னதில்லை. கம்பெனிப் படிவமாக இருந்தாலும் கல்யாணப் பத்திரிகையாக இருந்தாலும் அந்தப் பேர் வரும் இடத்தில் ‘சின்ன மாமா’ என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவாள். மேனேஜரை வழிமறித்தவளுக்கு இவ்வளவு பயமா என்று கேட்கலாம். பயமில்லை, பழக்கம். பயத்தையாவது ஒருநாள் எதிர்த்துவிடலாம், பழக்கம் நாக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும்.

முதல் சோதனை அன்று எல்லாம் நன்றாகத்தான் தொடங்கியது. குழுவில் இருந்த வாசுவை ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய அனுப்பினாள். ஊதுவதற்கு இன்னொரு பெண்ணை உட்கார வைத்தாள். பேக்கிங் பிரிவு லெட்சுமியை அடுத்த முறைக்குத் தயாராக நிற்கச் சொன்னாள். தம்புசாமி அழுத்தினார். முதலில் விளக்கு அழகாக எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவர் முழங்கை மடங்கத் தொடங்கியது. நெற்றி வியர்வை பொம்மை மேல் சொட்டியது. விளக்கு விட்டு விட்டு எரிந்து, பிறகு அணைந்தேவிட்டது. வீரம்மா பார்த்தாள். மாமா, கொஞ்சம் என்று ஆரம்பித்தாள். அவர் நிமிராமலே பரவால்லம்மா என்றார். அவ்வளவுதான், அந்தப் பெரிய குரல் தொண்டையிலேயே படுத்துவிட்டது. லெட்சுமி முழங்காலை மடக்கத் தயாராக நின்றபடியே இருந்தாள். சீவரத்தினம் கையை உயர்த்திச் சோதனையை நிறுத்தும்வரை தம்புசாமி அணைந்த விளக்கோடு அழுத்திக்கொண்டே இருந்தார்.

சீவரத்தினம் வீரம்மாவைத் தனியாக அழைத்துப் பேசவில்லை. எல்லார் முன்னாலும்தான் கேட்டார்.

“பிள்ளை, அந்த மனுசனுக்குக் கை களைச்சுப் போனது உமக்குத் தெரிஞ்சதோ இல்லையோ?”

“தெரிஞ்சது சார்.”

“தெரிஞ்சும் ஏன் எழுப்பேல்லை?”

“அவரு எனக்கு மாமனார் முறை சார்.”

“சரி. கீழ கிடக்கிறவனுக்கு அவர் ஆர்?”

கைவேலையில் எல்லாரும் தேறியிருந்தார்கள். லீடர் மட்டும் தேறவில்லை. அடுத்த மாதம் மறுபடி வருவேன், அதுதான் கடைசி என்று சொல்லிவிட்டு சீவரத்தினம் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போனார்.

தோற்றதுகூட வலிக்கவில்லை. சாயங்காலம் கம்பெனி வேனில் நடந்ததுதான் வலித்தது. தம்புசாமி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பெருமையாகச் சொன்னார்.

“நம்ம வீட்டுப் பொண்ணு லா. பரீட்சையில பெயில், மரியாதையில பாஸ்.”

வேனே சிரித்தது. அன்போடுதான் சிரித்தார்கள். ஓட்டுநர்கூட, உங்களுக்கு வாய்த்த மருமகள் போல வருமா அண்ணே என்றார். வீரம்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாராவது அவளைத் திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பாள். பாராட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த மரியாதை ஃபிட்டருக்கு மூச்சு வாங்கிக் கொடுத்ததா என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த நாளே சீவரத்தினத்துக்குப் போன் போட்டாள். சின்ன மாமாவை அழுத்துகிற வேலையிலிருந்து மாற்றி, போன் செய்யும் வேலைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டாள். முடியாது என்றார் அவர். சோதனைக்கு ஆளை மாற்றலாம், உண்மையில் ஒருத்தன் விழும்போது பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நீர் தெரிவு செய்யப் போகிறீரோ என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? வீரம்மா நேராகத் தம்புசாமியின் வீட்டுக்கே போனாள். அவருடைய மனைவி, அதே கம்பெனியில் பேக்கிங்கில் வேலை பார்க்கிற அத்தை, காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டார். அந்த வீட்டில் ஆண்கள் பேசும்போது அவர் நிற்கும் இடம் அதுதான். வீரம்மா நின்றபடியே பேசினாள். அடுத்த தடவை கை ஓய்ந்ததும் எழுந்திருக்கச் சொல்வேன், நீங்கள் எழுந்துகொள்ள வேண்டும் மாமா என்று கேட்டுக்கொண்டாள்.

தம்புசாமி சிரித்தார். எனக்கா கை ஓயும் என்றார். காவடி, படி, பத்துமலை எல்லாம் ஒரு சுற்று வந்தது. கடைசியில், நீ சொல்லு, நான் எழுந்திரிக்கிறேனா இல்லையான்னு அங்க பாப்போம் என்று சொல்லி, விளையாட்டுப் போல வீரம்மாவின் தலையில் தட்டி அனுப்பிவைத்தார். அது விளையாட்டில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வீட்டில் வேலாயுதம் விட்டுக்கொடுக்கச் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. சொந்தக்காரர்கள் மத்தியில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. ஒரு ரப்பர் பொம்மைக்காகச் சொந்தத்தைக் கெடுத்துக்கொள்வார்களா என்று கேட்டான். பொம்மைக்கே வாய் திறக்காதவள் மனுஷனுக்கு எப்படித் திறப்பேன் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் லோரிக்கு எண்ணெய் பார்க்கப் போய்விட்டான்.

மறு சோதனையை மேனேஜரும் வந்து பார்த்தார். விஜயன் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தொடங்கச் சொன்னார் சீவரத்தினம். வீரம்மா கால்மாட்டுக்குப் போனாள். வாசு, போன். லெட்சுமி, தயாரா நில்லு. மாமா, நீங்க அழுத்துங்க. சொன்னபடி எல்லாம் நடந்தது. விளக்கு எரிந்தது. தம்புசாமி இந்தத் தடவை வேண்டுமென்றே வேகமாக அழுத்தினார், யாருக்குக் கை ஓயும் என்று காட்டுகிற வேகம். அந்த வேகத்திலேயே கை சீக்கிரம் ஓய்ந்தது. முழங்கை மடங்கியது. விளக்கு அணைந்தது.

“மாமா, போதும். எழுந்திருங்க. லெட்சுமி, நீ உக்காரு.”

தம்புசாமி நிமிரவில்லை. இன்னும் தெம்பிருக்கு என்று முனகிவிட்டு அழுத்திக்கொண்டே இருந்தார். லெட்சுமி அவரையும் வீரம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பெரியவரை இடித்துத் தள்ளிவிட்டு உட்கார அவளுக்கு மட்டும் தைரியம் எங்கிருந்து வரும்? வீரம்மா மறுபடி மாமா என்றாள். அந்தச் சொல் போய் அவர் முதுகில் பட்டு அப்படியே விழுந்தது. மாமா என்று கூப்பிடும்வரை அவர் மாமாதான், எழுந்திருக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

“தம்புசாமி. கைய எடுங்க. எழுந்திருங்க.”

அடுத்த நிரைக்குக் கூப்பிடுகிற குரல் அது. கேண்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் கழுவுவதை நிறுத்தினார்கள். பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஏனென்றால் அங்கிருந்த அத்தனை பேருக்கும் அவர் அண்ணே, அங்கிள், மாமா. அந்தப் பேரை மொட்டையாக யாரும் கேட்டதில்லை. தம்புசாமிக்கே அது யாருடைய பேரோ போலிருந்திருக்கும். சொடுக்கினாற்போல எழுந்து நின்றுவிட்டார். லெட்சுமி உட்கார்ந்தாள். விளக்கு எரிந்தது.

வீரம்மா நிறுத்தவில்லை. வாசலுக்குப் போய் நில்லுங்க, ஆம்புலன்ஸ் வந்தா வழி காட்டுங்க என்று அதே மூச்சில் அவருக்கு அடுத்த வேலையைக் கொடுத்தாள். வேடிக்கை என்னவென்றால், அவர் போனார். மூளை கோபப்படுவதற்குள் கால் வாசலுக்குப் போய்விட்டது. அங்கே, வராத ஆம்புலன்ஸுக்காகக் கேட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கும்போதுதான் அவருக்கு என்ன நடந்தது என்று விளங்கியிருக்க வேண்டும். திரும்பி உள்ளே வராமல் ஸ்டோருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சீவரத்தினம் தேறிவிட்டதாகச் சொன்னார். கூடவே, முதல் தரம் மாமா எண்டு சொல்லி ஆள் எழும்பேல்லை எண்டால் அப்பவே பேரைச் சொல்லியிருக்க வேணும், ரெண்டாம் தரம் மாமா எண்டது வீண் என்றும் சொன்னார். பாராட்டுவாரோ என்று பார்த்த வீரம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. விஜயன் கையைக் குலுக்கினார். நல்ல குரல் என்றார். குரல் ஃபிட்டர் விழுந்த அன்றும் இருந்தது என்றாள் வீரம்மா.

சேதி அவளுக்கு முந்தி வீடு போய்ச் சேர்ந்தது. வேலாயுதம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினான். ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் எல்லாரும் கூடுகிறார்கள், போய்க் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்றான். அது வேண்டுகோளா உத்தரவா என்று வீரம்மா கேட்டாள். அவன் குனிந்தபடி, எனக்காக என்றான். அவள் வருவதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைய ஆட்கள். தம்புசாமி நடு நாற்காலியில் சட்டை போட்டு விபூதி பூசி உட்கார்ந்திருந்தார். பேர் சொல்லிக் கூப்பிட்ட மருமகளைப் பார்க்க யார் யாரோ வந்திருந்தார்கள். அத்தை அடுப்படி வாசலில் நின்றார். வீரம்மா யாரும் சொல்வதற்கு முன்னால் நேராகப் போய்த் தம்புசாமியின் காலில் விழுந்து எழுந்தாள். கூடம் மூச்சு விட்டது. வேலாயுதத்தின் முகத்தில் இரத்தம் திரும்பியது. தம்புசாமி விபூதித் தட்டுக்குக் கை நீட்டினார்.

“உங்க கால்ல எப்ப வேணும்னாலும் விழுவேன் மாமா. நீங்க பெரியவரு. ஆனா மன்னிப்புக் கேக்க நான் வரல. நாளைக்கே ஒருத்தன் அங்க விழுந்தா, உங்க கை ஓஞ்சா, இன்னும் சத்தமாக் கூப்பிடுவேன்.”

விபூதித் தட்டுக்குப் போன கை பாதியில் நின்றது. யாரோ, இது என்ன திமிர் என்றார்கள். வேலாயுதம் எழுந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். தம்புசாமி கோபத்தை அடக்கிக்கொண்டு நிதானமாகத்தான் பேசினார். அவருக்கு அது எளிதாக இருந்திருக்காது.

“அப்ப நான் அந்த டீம்ல இல்ல. நீயே பாத்துக்க.”

நான் இல்லாமல் என்ன செய்வாய் என்பதுதான் அதன் அர்த்தம். கூடமே வீரம்மாவின் முகத்தைப் பார்த்தது. அவள் இறங்கி வருவாள், கெஞ்சுவாள் என்று காத்திருந்தார்கள். இந்த வீட்டில் அவளுக்குக் கல்யாணப் புடவை எடுத்துக் கொடுத்தவர் அவர். முதல் பிள்ளைக்குப் பேர் வைத்தவர் அவர்.

“சரி மாமா. உங்க இடத்துக்கு வேற ஆள உக்கார வைக்கிறேன்.”

வேலாயுதம் கண்ணை மூடிக்கொண்டான். அப்போது அடுப்படி வாசலில் ஒரு டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. அத்தை முந்தானையில் கையைத் துடைத்தபடி கூடத்துக்குள் வந்தார். ஆண்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவர் அந்த வாசலைத் தாண்டியதை வீரம்மா அன்றுதான் பார்த்தாள்.

“அந்த எடம் காலின்னா நான் வரேன்” என்றார்.

தம்புசாமி மனைவியின் பக்கம் திரும்பினார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. பேக்கிங்கில் நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிற கை, சீக்கிரத்தில் ஓயாது என்று வீரம்மாவிடம் சொன்னார். வீரம்மா தன் குரலைத் தேடிப் பிடித்துக்கொண்டு, வாங்க அத்தை, ஆனா ஓஞ்சா உங்களையும் எழுப்புவேன், பேரைச் சொல்லித்தான் எழுப்புவேன் என்றாள்.

“சொல்லு. இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அண்ணி, அத்தை, தம்புசாமி பொண்டாட்டி. இராஜம்மான்னு ஒருத்தரும் கூப்பிட்டதில்ல.”

வீரம்மா கூப்பிட்டாள். அந்தக் குரலுக்குப் பக்கத்து வீட்டுச் சன்னல்கூடத் திறந்தது. இராஜம்மா நிமிர்ந்து நின்று, வரேன் லீடர் என்றார்.